குணமாகிவிட்டதா, தேறி வருகிறதா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். மறுநாளே ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி: ‘ஹேவ் யூ ரெக்கவர்ட்?’ இவரும் யோசிக்காமல், ‘யெஸ், ரெக்கவர்ட்’ என்று பதில் போட்டுவிட்டார். அடுத்த நிமிடமே, ‘குட், ஸீ யூ ஆன் மண்டே’ என்று வந்துவிட்டதாம். “மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறது. குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார வேண்டியிருக்கிறது. நான் எழுதியது தப்பா சார்? வேறு எப்படி எழுதியிருக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார்.

இலக்கணத்தில் தப்பே இல்லை. ஆனால் அவர் உடம்பு இருக்கும் நிலைக்கு அது சரியான சொல் இல்லை. ‘ரெக்கவர்ட்’ என்று முடித்துவிட்டால், போன உடல்நலம் முழுசாகத் திரும்பி வந்தாயிற்று என்று அர்த்தம். கணக்கு முடிந்தது. அவருக்குத் தேவைப்பட்ட சொல் ‘ரிக்யூபரேட்’. நோய் போய்விட்டது, ஆனால் அது தின்றுவிட்டுப் போன தெம்பை ஓய்வெடுத்து, சாப்பிட்டு, தூங்கி மெல்ல மெல்லத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்கான வினைச்சொல் அது. ‘ஐ ஆம் ரிக்யூபரேட்டிங் அட் ஹோம்’ என்று அவர் எழுதியிருந்தால், ‘திங்கட்கிழமை வா’ என்று பதில் போட மேலதிகாரிக்குக் கை கொஞ்சம் கூசியிருக்கும்.

கூசாதவர்களும் உண்டு. அது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், ரெக்கவர், ரிக்யூபரேட் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘ரெகுபெராரே’ என்று ஒரு சொல். இழந்ததை மீட்டுக்கொள்வது என்று பொருள். அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து, மழுங்கி, ‘ரெக்கவர்’ என்று ஆகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சில நூற்றாண்டுகள் கழித்து, பதினாறாம் நூற்றாண்டில், படித்தவர்கள் அதே சொல்லை நேராக லத்தீனிலிருந்து எடுத்து ‘ரிக்யூபரேட்’ என்று இன்னொரு தடவை கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் இப்படி இரட்டைப் பிள்ளைகள் நிறைய. முதலில் வந்தது வீட்டுப் புழக்கத்துக்கு, பின்னால் வந்தது கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை.

மூலப் பொருள் ‘மீட்பது’ என்பதால்தான் ரெக்கவர் இன்றும் ஆஸ்பத்திரியோடு நிற்பதில்லை. திருடுபோன பைக்கைப் போலீஸ் ரெக்கவர் செய்கிறது. அழிந்துபோன போட்டோக்களை செல்போன் கடைக்காரர் ரெக்கவர் செய்து தருகிறார். தவணை கட்டாவிட்டால் ரெக்கவரி ஏஜென்ட் போன் செய்கிறார். போனது திரும்பி வந்தால் ரெக்கவர், அவ்வளவுதான். பைக் வந்துவிட்டதா, இல்லையா? பாதி பைக் வந்தது என்ற பேச்சுக்கு அங்கே இடம் இல்லை.

உடம்பு அப்படி ஒரே நாளில் திரும்பி வந்து வாசலில் நிற்பதில்லையே!

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் அந்த நோயை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதலில் காய்ச்சல் கட்டம். அடுத்தது, காய்ச்சல் இறங்கும்போது வரும் ஆபத்துக் கட்டம். மூன்றாவதன் பெயரே ‘ரெக்கவரி’ கட்டம். இரண்டாவது கட்டத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து வெளியே கசிந்த நீர், மூன்றாவது கட்டத்தில் திரும்பக் குழாய்களுக்குள் வருகிறது. இதற்கு ஆகும் காலம் சுமார் 48 முதல் 72 மணி நேரம். அதாவது டாக்டர் ‘ரெக்கவரி’ என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இரண்டு, மூன்று நாள் சமாசாரம். நீர் திரும்பிவிட்டது, தட்டணுக்கள் ஏறுகின்றன, ஆபத்து நீங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். அவர் சொல்வது சரிதான். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு அசதி வாரக்கணக்கில் இருக்கும். அந்த வாரங்கள் டாக்டருடைய ரெக்கவரிக்குள் வராது. நம்முடைய ரிக்யூபரேஷனுக்குள்தான் வரும்.

இதே குழப்பம் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் நடக்கும். ‘ரெக்கவரி ரூமுக்கு மாத்திட்டாங்க’ என்று நர்ஸ் சொன்னதும் வெளியே நிற்கும் மொத்தக் குடும்பமும் கும்பிடும். ஊருக்குப் போன் போட்டு, ‘ரெக்கவர் ஆயிட்டாரு’ என்று தகவலும் போய்விடும். அந்த அறை மயக்க மருந்திலிருந்து தெளிவதற்கு மட்டும். சில மணி நேர விஷயம். மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘கம் ரவுண்ட்’ என்று தனியாகவே ஒரு பிரயோகம் இருக்கிறது. தையல் ஆறி, பழையபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் வேறு.

இப்போது ஒரு நல்ல உதாரணம். 1924 ஜனவரியில் சிறைக் கைதியாக இருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி. புனே சசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நடுவில் மின்சாரம் நின்றுபோய் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். ஆபத்து நீங்கியது. பிப்ரவரி 5 அன்று அரசாங்கம் அவரை விடுதலையும் செய்தது. இத்தோடு ‘ரெக்கவர்ட்’ என்று எழுதிவிடலாமா? கூடாது. மார்ச் மாதம் அவர் பம்பாய்க்குப் பக்கத்தில் ஜூஹு கடற்கரைக்குப் போய் மே மாதக் கடைசி வரை தங்கினார். அந்த ஜூஹு நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் சொல் ரிக்யூபரேட் அல்லது கான்வலெஸ். அங்கே அவர் படுத்தே கிடந்தார் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரலில் ‘யங் இந்தியா’ ஆசிரியப் பொறுப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டார். மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாஸும் அங்கே வந்து அவரோடு அரசியல் பேசினார்கள். ஆக, ரிக்யூபரேட் செய்கிறவர் கொஞ்சம் வேலையும் செய்யலாம். எவ்வளவு என்பதை அவர் உடம்பு முடிவு செய்ய வேண்டும். ‘வீட்டில் சும்மாதானே இருக்கீங்க, அந்த எக்ஸெல் ஷீட்டை மட்டும் பார்த்துடுங்க’ என்று சொல்லும் இன்னொருவர் இல்லை.

கான்வலெஸ் என்றேன் அல்லவா? அதையும் பார்த்துவிடுவோம், அழகான சொல். லத்தீனில் ‘வலேரே’ என்றால் வலுவாக இருப்பது. நம்முடைய ‘வலு’ மாதிரியே ஒலிக்கிறதே என்று உறவு கொண்டாடிவிடாதீர்கள், அது தற்செயல். அந்த வலேரேயிலிருந்து வந்தவைதான் வேல்யூ, வேலிட் எல்லாம். வலு இல்லாதது இன்வேலிட், செல்லாது. அதே எழுத்துகளை ‘இன்வலிட்’ என்று முதல் அசையை அழுத்திச் சொன்னால் நோயாளி. நோயாளியையும் செல்லாத டிக்கெட்டையும் ஒரே எழுத்துகளால் எழுதுவது சரியில்லை என்று பலர் இந்தச் சொல்லை இப்போது தவிர்த்துவிடுகிறார்கள். நல்லதுதான்.

கான்வலெஸின் வால்பகுதியைக் கவனியுங்கள். லத்தீனில் அந்த ‘எஸ்’ வால் வந்தால், ஒரு செயல் தொடங்கி வளர்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். அடோலசென்ட் என்றால் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை. கிரசென்ட் என்றால் பிறை. வளர்கிற நிலா என்பதிலிருந்து வந்தது. அந்த வரிசையில் கான்வலெஸ் என்றால், வலு வளர்பிறையாக ஏறிக்கொண்டிருக்கிறது. பேச்சில் இதை அதிகம் பயன்படுத்த மாட்டார்கள். ரிக்யூபரேட்டைவிட இன்னும் கொஞ்சம் பழைய வாசனை. ஆனால் ஒரு காலத்தில் அரசாங்கமே இந்தச் சொல்லைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தது. குன்னூர் பக்கத்து வெலிங்டன் இன்று ராணுவ ஊர் என்று நமக்குத் தெரியும். 1850களில் அங்கே பாசறை கட்டியபோது அதன் வேலை, சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் துவண்டுபோன ஐரோப்பிய சிப்பாய்களைக் குளிர்ந்த மலைக்காற்றில் தேற்றி அனுப்புவது. ‘கான்வலெசன்ட் டிப்போ’ என்று அதற்குப் பெயர். சிப்பாய்க்குக் காய்ச்சல் விட்டால் மட்டும் போதாது, துப்பாக்கி தூக்கத் தெம்பு வர வேண்டும், அதற்கு நாள் ஆகும் என்று ராணுவத்துக்கே தெரிந்திருக்கிறது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? அகராதிக்குப் போக வேண்டாம். பாட்டி வாயில் இருக்கிறது. ‘உடம்பு தேறிட்டு வருது.’

தேறுதல் என்ற சொல்லுக்கு இணையாக ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. உடம்பு தேறும். துக்கத்தில் இருக்கிற மனம் தேறும். பரீட்சையில் பிள்ளை தேறுவான். கலங்கிய தண்ணீரும் தேறும். கிராமத்தில் தேற்றாங்கொட்டை என்று ஒன்று வைத்திருப்பார்கள். பானையின் உட்புறத்தில் அதை உரசிவிட்டு, கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், சேறு அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். தண்ணீரைத் தேற்றுகிற கொட்டை, அதனால் அந்தப் பெயர். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானையை அசைக்கக் கூடாது. தெளிந்துவிட்டதா என்று அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தால் ஜன்மத்துக்கும் தெளியாது.

இன்னொரு சொல் ‘தேவலை’. ‘இப்ப எப்படி இருக்கு?’ ‘நேத்தைக்கு இன்னிக்கு தேவலை.’ முழுசாகச் சரியாகிவிட்டது என்று யாரும் இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் பெட்டர்’ என்றால் கொஞ்சம் வழுக்கும். முன்னைக்குப் பரவாயில்லை என்றும் கொள்ளலாம், பூரண குணம் என்றும் கொள்ளலாம். சந்தேகம் வரக் கூடாது என்றால் ‘பெட்டர், பட் ஸ்டில் வீக்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அம்மை போட்ட வீட்டில், அம்மை இறங்கியதும் ஆள் எழுந்து ஓடிவிட முடியாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஒரு தடவையோடு விட மாட்டார்கள், நாள் கணக்குப் பார்த்து இன்னொரு தடவை, மூன்றாவது தடவை. அதுவரை வேலைக்குப் போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடும் தாய் வீடும் உண்டு. ரிக்யூபரேட் செய்வதற்கென்றே நாள் ஒதுக்கி வைத்த ஊர் இது. ஆனால் அந்தப் பெண்ணுக்கே பத்து வருஷம் கழித்து டைபாய்டு வந்தால், காய்ச்சல் விட்ட மறுநாள் காலை இட்லிச் சட்டிக்கு முன்னால்தான் நிற்கிறாள். ‘இப்பதான் நல்லாயிடுச்சே!’

கட்டட வேலை நடக்கும் வீட்டில் இந்தச் சங்கதி இன்னும் நன்றாகப் புரியும். ‘க்யூர்’ என்றாலும் குணப்படுத்துவதுதான். லத்தீனில் ‘குரா’, அக்கறை, பராமரிப்பு. கொத்தனார் சொல்லும் ‘க்யூரிங்’ அந்த க்யூர்தான். கூரைக்கு கான்கிரீட் போட்ட மறுநாள் மேலே ஏறி நடந்து பார்த்தால் கல் மாதிரி இருக்கும். ஆனாலும் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார், சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க விட மாட்டார். கான்கிரீட்டின் வலிமையைச் சோதிப்பதற்கு வழக்கமான கணக்கு 28 நாள். மேலே கெட்டியாகத் தெரிவதும் உள்ளே பலம் ஏறுவதும் வேறு வேறு என்று மேஸ்திரிக்குத் தெரியும். அவரே காய்ச்சல் விட்ட மறுநாள் சாரத்தில் ஏறி நிற்பார் என்பதையும் சொல்ல வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ரிக்யூபரேட் என்பது அகராதியில் மட்டும் இருக்கிற சொல்.

இனி பிரயோகம். ரெக்கவர், ரிக்யூபரேட் இரண்டுக்கும் பின்னால், நோயைச் சொல்லும்போது, ‘ஃப்ரம்’ வர வேண்டும். ‘ஐ ரெக்கவர்ட் ஃபீவர்’ என்று பலர் எழுதுகிறார்கள். தொலைந்துபோன காய்ச்சலைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கிவந்தேன் என்று அர்த்தமாகிவிடும்! ‘ரெக்கவர்ட் ஃப்ரம் ஃபீவர்’ என்பதே சரி. ‘டாக்டர் ரெக்கவர்ட் மீ’ என்பதும் கூடாது. டாக்டர் க்யூர் செய்வார், நாம் ரெக்கவர் ஆவோம். க்யூருக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ போடக் கூடாது, ‘ஆஃப்’ போட வேண்டும். ‘ஷீ வாஸ் க்யூர்ட் ஆஃப் ஜாண்டிஸ்.’ காயமும் எலும்பு முறிவும் ரிக்யூபரேட் ஆகாது. அவற்றுக்கு ‘ஹீல்’. நம் ‘ஆறுதல்’ மாதிரி, புண்ணுக்கும் மனசுக்கும் இரண்டுக்கும் அது பொருந்தும். ரிக்யூபரேட் செய்வது எப்போதும் ஆள்தான். அதுவும் அரை நாள் தலைவலிக்கெல்லாம் அந்தச் சொல்லை இழுக்க வேண்டாம். பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து போன்றவற்றுக்குப் பிறகு பொருந்தும். பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு இரண்டு நாள் சோபாவில் சாய்ந்து கிடக்கிற அப்பாவும் சிரித்துக்கொண்டே ‘ரிக்யூபரேட்டிங்’ என்று சொல்லலாம், தப்பில்லை.

குடியை விட்டவர்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் ஒரு நுட்பம் உண்டு. குடித்துப் பல வருஷம் ஆகியிருந்தாலும் அவர்களில் பலர் தங்களை ‘ரெக்கவரிங்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொள்வார்கள். முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். இன்றைக்கும் குடிக்காமல் இருக்கிறேன், நாளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அந்த ‘இங்’கில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ‘நீங்கதான் ரெக்கவர் ஆயிட்டீங்களே, ஒரு பெக் போட்டா என்ன?’ என்று கேட்கிற நண்பர்களுக்கு இலக்கணம் சொல்லிப் பயனில்லை.

திருப்பூர் வாசகி எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் இது: ‘ஐ வாஸ் டிஸ்சார்ஜ்ட் யெஸ்டர்டே அண்ட் ஆம் ரிக்யூபரேட்டிங் அட் ஹோம். த டாக்டர் ஹேஸ் அட்வைஸ்ட் ரெஸ்ட் டில் த ட்வென்டியத்.’ நேற்று வீடு திரும்பினேன், வீட்டில் ஓய்வெடுத்துத் தேறி வருகிறேன், 20ஆம் தேதி வரை ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தேதி முக்கியம். தேதி இல்லாத ஓய்வை யாரும் மதிப்பதில்லை. அது நீங்களாகப் போட்ட தேதியாக இல்லாமல் டாக்டரிடம் கேட்டு வாங்கிய தேதியாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, ‘எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கணும்னு எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்’ என்று கேட்டுவிடுங்கள். பில் கட்டுகிற பரபரப்பில் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறோம். ஏற்கெனவே ‘யெஸ், ரெக்கவர்ட்’ என்று அனுப்பியாயிற்றே என்றால், அதுவும் பெரிய சிக்கல் இல்லை. ‘த ஃபீவர் இஸ் கான், பட் ஐ ஆம் ஸ்டில் ரிக்யூபரேட்டிங்’ என்று இன்றே இன்னொரு செய்தி அனுப்பலாம். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் இன்னும் தேறி வருகிறேன்.

கடைசியாக உச்சரிப்பும் ஸ்பெல்லிங்கும். ‘ரி-க்யூ-ப-ரேட்’. அழுத்தம் ‘க்யூ’வில். ‘ரி-கூ-ப-ரேட்’ என்று சொல்பவர்களும் உண்டு, இரண்டும் சரி. எழுதும்போது ‘சி’க்கு அடுத்து நேராக ‘யு’. நடுவில் ஒரு ‘ஓ’வைச் செருகி எழுதுவது ஆங்கிலேயர்களுக்கே வழக்கமான தப்பு. ‘ரீகூப்’ என்ற சொல்தான் அதற்குக் காரணம். போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது என்று அதற்கும் ஏறக்குறைய அதே பொருள், அதில் ‘ஓ’வும் இருக்கிறது. ஆனால் அது வேறு குடும்பம். வெட்டிக் கழித்துக்கொள்வது என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ரிக்யூபரேட்டுக்கு உறவே கிடையாது.